காவலூர்க் கணக்கு

காவலூர் வான்நோக்ககத்தின் முக்கியத் தொலைநோக்கிகளை அவை வந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். 1968இல் முதலில் நின்ற 38 செ.மீ. கருவி கொடைக்கானல் பட்டறையில் நம்மவர்களே செய்தது. 1972இல் வந்த 102 செ.மீ. கருவி கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் நிறுவனத்திடம் வாங்கியது. 1986இல் திறந்துவைக்கப்பட்ட 234 செ.மீ. வைணு பாப்பு தொலைநோக்கி இந்தியாவிலேயே கட்டியது. 2014இல் சேர்ந்த 130 செ.மீ. கருவி, வானியலாளர் ஜே.சி. பட்டாச்சார்யாவின் பெயர் தாங்கியது, அமெரிக்காவில் வாங்கியது. செய்தது, வாங்கியது, செய்தது, வாங்கியது.

ஜவ்வாது மலையின் மேல் ஒரு நிறுவனம் அரை நூற்றாண்டாக, செய்வதா வாங்குவதா என்ற ஒரே கேள்விக்கு மாற்றி மாற்றி விடை சொல்லியிருக்கிறது. இதை நான் தடுமாற்றமாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் எது அவசரம், எது நம் கைக்குப் பழக வேண்டியது என்று பார்த்துச் சொன்ன விடை அது. அதே மலையில், ஜமுனாமரத்தூரிலோ கோவிலூரிலோ ஒரு ஜெராக்ஸ் கடைக்கோ, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கோ கணினி வாங்க நினைப்பவர், “அசெம்பிள் பண்ணிக்கலாமா, இல்ல மினி பிசின்னு விக்கிற அந்தச் சின்ன டப்பாவையே எடுத்துடலாமா?” என்று கேட்டால், விலைப்பட்டியலை விரிக்கும் முன் நான் இந்த வரிசையைத்தான் காட்டுவேன்.

முதலில் அசெம்பிள் செய்வதன் ருசியைச் சொல்லிவிடுகிறேன். அதை அனுபவிக்காதவர்கள் அதைப் பணக்கணக்காக மட்டும் பேசுகிறார்கள்.

மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தைப் பாருங்கள். இன்டெலின் 12ஆம் தலைமுறை முதல் வந்த சாக்கெட்டில் 1700 தொடுமுனைகள். தலைமுடி கனத்தில் வளைந்த உலோக நாக்குகள், எல்லாம் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றை விரல் நகம் தீண்டினால் போச்சு. பிராசஸரின் ஒரு மூலையில் பொன்னிறத்தில் குட்டி முக்கோணம். போர்டிலும் அதற்கு இணையாக ஒன்று. இரண்டையும் பொருத்தி, கையை எடுத்துவிட வேண்டும். அழுத்தக் கூடாது. அது தன் எடையிலேயே உட்கார வேண்டும். பிறகு பக்கத்து நெம்புகோலை இறக்கும்போது மெல்ல ஒரு நொறுங்கல் சத்தம் கேட்கும். முதன்முறை செய்பவருக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் அதுதான் சரியான சத்தம். 1700 நாக்குகளும் ஒரே நேரத்தில் அமுங்கித் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று பொருள்.

ராம் பொருத்துவதில் வேறொரு அழகு. பலகையின் அடியில் ஒரு வெட்டு இருக்கும், நட்டநடுவில் இல்லாமல் சற்றே தள்ளி. தலைகீழாகச் செருக முடியாதபடி செய்த ஏற்பாடு அது. டிடிஆர்4 பலகையிலும் டிடிஆர்5 பலகையிலும் அந்த வெட்டு ஒரே இடத்தில் இருக்காது. பழையதைப் புதியதில் திணிக்க ஆசைப்படுகிறவனின் கையைப் பொருளே தடுத்துவிடுகிறது. எச்சரிக்கைப் பலகை எழுதாமல் எச்சரிக்கும் இந்த வகைப் பொறியியலில் எனக்குத் தனி மயக்கம்.

திருகுகளுக்கும் ஒரு சங்கதி உண்டு. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கேபினட்டில் பிடிக்கும் திருகு அங்குல மரை. எஸ்.எஸ்.டி.யைப் பிடிக்கும் திருகு மில்லிமீட்டர் மரை. இரண்டும் ஒரே பிளாஸ்டிக் பையில், ஒரே நிறத்தில், கலந்து வரும். கண்ணால் பிரிப்பது கடினம். விரல்நுனியில் உருட்டினால் ஒன்று கரடு, மற்றது நைசு. நாலு பெட்டி கட்டியவர் பேசிக்கொண்டே விரலால் பிரித்துவிடுவார். அமெரிக்க அளவையும் ஐரோப்பிய அளவையும் ஒரு பெட்டிக்குள் சமாதானமாகக் குடியிருப்பது உலகில் வேறு எங்கே இருக்கிறதோ தெரியாது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டம். 305க்கு 244 மில்லிமீட்டர் போர்டு, அதில் துளைகள் இங்கே இங்கே, மின்கம்பி இணைப்பு இந்த வடிவம் என்று அன்று போட்ட கோடு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அதனால்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய கேபினட்டில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய போர்டு உட்காருகிறது. அதனால்தான் இடி விழுந்து எஸ்.எம்.பி.எஸ். புகைந்தால் திருப்பத்தூரிலோ போளூரிலோ முதல் கடையிலேயே மாற்று கிடைக்கிறது. மலையில் குடியிருப்பவருக்கு இந்தக் கடைசி வாக்கியம் கவிதையைவிட இனிக்கும்.

இப்போது சின்ன டப்பாவுக்கு வருவோம். இதன் நயம் வேறு சாதி. அங்கே நம் கையின் திறமையை நாம் ரசிக்கிறோம். இங்கே முகம் தெரியாத யாரோ ஒருவரின் கைத்திறமையை ரசிக்க வேண்டும். அதற்குத் திறந்து பார்க்க வேண்டும்.

அடிப்பக்கம் நான்கு திருகு. கழற்றினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு முழுக் கணினி. 2012, 13 வாக்கில் இன்டெல் ‘நக்’ என்ற பெயரில் நாலு அங்குலச் சதுரப் போர்டைக் கொண்டுவந்தபோது பலர் விளையாட்டுப் பொருள் என்றுதான் நினைத்தார்கள். 2023இல் இன்டெல் அதைக் கைவிட்டது. உரிமம் ஆசுஸுக்குப் போனது. ஆனால் அந்த வடிவம் அதற்குள் ஊரெங்கும் பரவிவிட்டிருந்தது. இன்று மலிவு விலை மினி பிசிகளில் பலவற்றில் இருப்பது 2023 தொடக்கத்தில் வந்த இன்டெலின் என்100. நான்கு கோர், 6 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசஸர். அது போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். நெம்புகோல் கிடையாது, நொறுங்கல் சத்தம் கிடையாது. அந்த இன்பத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் ராம் பலகையைப் பாருங்கள். மடிக்கணினிக்கான அளவு. நேராகச் செருகக் கூடாது. சாய்த்து நுழைத்து, பிறகு மெல்லப் படுக்கவைக்க வேண்டும். படுத்ததும் இரு பக்கமும் இரண்டு சிறு கொக்கிகள் தாமே வந்து பிடித்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் எம்.2 எஸ்.எஸ்.டி.: 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், சூயிங்கம் பட்டை கணக்காக ஒரு துண்டு. மறுமுனையில் ஒரே ஒரு திருகு, எறும்புத் தலையளவு. அது கைதவறிச் சிமென்ட் தரையில் விழுந்தால் அன்றைய பொழுது முடிந்தது. வைஃபை அட்டையின் மேல் கறுப்பும் சாம்பலுமாக இரண்டு மெல்லிய கம்பிகள், கடுகளவு பொத்தான்களில் மாட்டியிருக்கும். அந்தக் கம்பிகளை மடக்காமல், காற்றாடிக்குள் போகாமல், போர்டின் ஓரமாக வளைத்து ஒட்டியிருக்கும் விதத்தில்தான் அந்தத் தொழிற்சாலையின் தரம் தெரியும். நல்ல டப்பாவில் அந்த வளைவு ஒரே சீராகப் போகும். மட்டமானதில் மிச்சக் கம்பியைச் சுருட்டி ஓரத்தில் திணித்திருப்பார்கள். விளம்பரத்தில் எழுதியிருக்கும் எண்களைவிட இந்த ஒரு வளைவை நான் அதிகம் நம்புவேன்.

ஒரே பொருள் இரண்டு பெட்டிகளிலும் எப்படி வேறு வேறாக இருக்கிறது என்பதற்குக் கடிகாரப் பேட்டரியைச் சொல்லலாம். டெஸ்க்டாப்பில் வட்டமான குழியில் நாணயம் போல 2032 பேட்டரி படுத்திருக்கும். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும், நகத்தால் நெம்பி மாற்றிவிடலாம். மினி பிசியில் பெரும்பாலும் அதே பேட்டரி பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றப்பட்டு, இரண்டு கம்பிகள் முளைத்து, ஒரு சின்ன இணைப்பியில் போய்ச் சேரும். அது தீர்ந்து, மின்சாரமும் போய்வந்தால், கணினி பழைய ஆண்டு ஒன்றைக் காட்டும். உடனே பாதி இணையதளங்கள் திறக்க மறுக்கும். நேரம் தவறிய கணினியை வங்கியின் தளம் நம்பாது. கம்பி முளைத்த பேட்டரி போளூரில் கிடைக்குமா என்றால், கிடைக்காது என்று வைத்துக்கொள்வதே நல்லது. டப்பா வாங்கும்போதே ஒன்றைக் கூடுதலாக வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள்.

நேரம் என்றதும் காவலூருக்கே திரும்பத் தோன்றுகிறது. சைஸ் தொலைநோக்கி வந்த அதே 1972இல், ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. இரண்டையும் காவலூரில் அந்த ஒரு மீட்டர் கண்ணாடி வழியாகப் பிடித்தார்கள். முன்னது கானிமீட்டின் மெல்லிய வளிமண்டலம் பற்றிய பேச்சுக்கு வழிவகுத்தது. பின்னதில், கோள் மறைக்கும் முன்பே விண்மீன் ஒளி சில நொடிகள் மங்கியதை ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவுசெய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த இரவில் உலகின் பல இடங்களில் பிடிபட்ட இத்தகைய மங்கல்களிலிருந்துதான் தெரியவந்தது. மறைப்பு குறித்த நொடியில் நடக்கும், யாருக்காகவும் நிற்காது. “நாங்களே பெரிதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம், பத்து வருடம் பொறு” என்று கானிமீட்டிடம் சொல்ல முடியாது. அன்று வாங்கியது சரி.

பெரியதைக் கட்டியதும் சரி. வைணு பாப்பு தொலைநோக்கியைப் பற்றி “முழுக்க நாமே செய்தது” என்று பெருமையாகச் சொல்வார்கள். அது எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தால் பெருமை இன்னும் கூடும். கண்ணாடிப் பாளம் ஜெர்மனியிலிருந்து. வடிவமைப்பு டாடா கன்சல்டிங் எஞ்சினியர்ஸிடம். இரும்பு வேலை மராட்டியத்தின் வால்சந்த்நகரில். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வானியற்பியல் மையத்தின் சொந்த ஒளியியல் கூடத்தில். பொருத்தியது இந்தக் காட்டுக்குள். அதாவது, அது ஓர் அசெம்பிள்டு சிஸ்டம்தான். எதை வெளியே வாங்கலாம், எதை மட்டும் பிறர் கையில் விடக் கூடாது என்று பிரித்தறிந்ததில் இருக்கிறது அதன் மேதைமை. விடக் கூடாதது என்று அவர்கள் முடிவுசெய்தது மெருகு. ஒளியின் அலைநீளத்தில் சிறு பின்னம் அளவு பிசகினாலும் விண்மீன் சிதறிப்போகும் அந்தக் கடைசிப் பரப்பு.

அதன் இருக்கையில் இன்னொரு நுணுக்கம். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்ப வேண்டிய தொலைநோக்கியின் அச்சு, ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். காவலூருக்கு அது பன்னிரண்டரை டிகிரி. கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும் அச்சு. யேனா ஏறத்தாழ 51 டிகிரியில் இருக்கிறது. அந்த ஊருக்கென்று செய்த இருக்கையை அப்படியே தூக்கிவந்து காவலூரில் நிறுத்த முடியாது. வாங்கினாலும் கட்டினாலும், பொருள் கடைசியில் ஊருக்குத் தக்கபடி சாய வேண்டும்.

(இந்தத் தொலைநோக்கித் திட்டத்தைத் தொடங்கிவைத்த வைணு பாப்பு 1982இல் காலமாகிவிட்டார். 1985 நவம்பரில் முதல் ஒளி வந்தபோது அவர் இல்லை. கட்டுவதில் இப்படி ஒரு விலையும் இருக்கிறது.)

அந்தக் காலத்துக் கணினியையும் சொல்லாமல் விடக் கூடாது. 1980களில் காவலூரில் விண்மீன்களின் நிறமாலைகளைப் பகுத்துப் பார்த்தது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் 11/780. 1977இல் அறிமுகமான இயந்திரம். பீரோ பீரோவாக நின்று ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். தனக்கென்று ஏசி கேட்கும். நொடிக்குப் பத்து லட்சம் கட்டளை என்பது அன்று அதன் புகழ். இன்று மலிவான மினி பிசி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம். திரைக்குப் பின்னால் திருகி மாட்டிவிட்டால் இருப்பதே தெரியாது.

இனி மலைக்கணக்கு. சமவெளியில் எழுதப்படும் ஒப்பீடுகள் வேகத்தையும் கேமையும் பேசும். ஜவ்வாது மலையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலாவது மின்சாரம். மழைக்காலத்தில் கரண்ட் போகும், வரும், வந்த வேகத்தில் எகிறும். சாதாரண வேலை செய்யும் மினி பிசி 10, 15 வாட்டில் ஓடிவிடும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத டெஸ்க்டாப்பே 40, 50 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு முன்னது நூறு வாட்-மணி அளவில், பின்னது நானூறு வரை. திரைக்குத் தனியாக 20 வாட் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியோ, கூரையில் இருக்கும் ஒற்றைச் சோலார் பலகையோ இந்த வித்தியாசத்தை உடனே உணரும். 12 வோல்ட்டில் ஓடும் டப்பாவாக இருந்தால் இன்னும் சௌகரியம். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 12 ஆக்கும் வீண் வேலை மிச்சம். ஆனால் அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 12 என்று எழுதிய டப்பாவில் 19 வோல்ட் அடாப்டரின் முனை அழகாக நுழையும், நுழைந்த பிறகுதான் தெரியும். ராமுக்கு வெட்டு வைத்தவர்கள் இதற்கு எந்தத் தடுப்பும் வைக்கவில்லை.

இரண்டாவது உயிரினங்கள். கதகதப்பான, இருட்டான, காற்றோட்டமுள்ள இரும்புப் பெட்டியைப் பல்லிக்குப் பிடிக்கும். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் முட்டையிடும், எறும்பு கூடு வைக்கும், கேபினட்டின் பின்புறம் மூடாமல் விட்ட கார்டு இடுக்கு வழியே எலிக்குட்டிகூடப் போகும். மினி பிசியின் துளைகள் சிறியவை, பல்லி போகாது. ஆனால் தூசும் பனி ஈரமும் சேர்ந்து அந்தச் சின்னக் காற்றாடியில் சேறாய்ப் படியும். ஆண்டுக்கு ஒருமுறை நான்கு திருகைக் கழற்றிப் பிரஷ்ஷால் துடைக்கச் சோம்பாதவருக்கு இது பிரச்சினையில்லை.

மூன்றாவது, இருட்டு. சிரிக்காதீர்கள். இந்த மலையின் சொத்தில் இருட்டும் ஒன்று. வான்நோக்ககம் இங்கே வந்ததற்கே காரணம் அது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வானம் பார்க்கிற ஆர்வலர்கள் சொந்தத் தொலைநோக்கியோடு இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்களில் படம் எடுப்பவர்கள் பலர் இப்போது தொலைநோக்கியின் முதுகிலேயே ஒரு மினி பிசியைப் பட்டைபோட்டுக் கட்டிவிடுகிறார்கள். கேமராவையும் மோட்டாரையும் அது நடத்தும். தரையில் ஒரு 12 வோல்ட் பேட்டரி. ஆள் போர்வைக்குள் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருப்பார். டப்பாவின் நெற்றியில் எரியும் நீல எல்.இ.டி.யின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். வெப்பக் காற்று கண்ணாடிக்கு முன்னால் எழும்பினால் விண்மீன் நடுங்கும் என்பதால், சூடு வரும் துளையைப் பார்வைக்கு எதிர்ப்பக்கம் திருப்பியும் வைப்பார்கள். வானவில் நிறத்தில் மின்னும் காற்றாடிகளோடு கண்ணாடிக் கதவு வைத்த டெஸ்க்டாப் பெட்டியை அந்த இடத்தில் கற்பனை செய்து பாருங்கள். எனக்கு அந்த ஆர்.ஜி.பி. விளக்குகள் எங்கேயும் பிடித்ததில்லை; காவலூர்ப் பக்கத்தில் அது குற்றம்.

ஆக, யாருக்கு எது? நாளைக்குக் கடை திறக்க வேண்டும், சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வேண்டும், பிள்ளைக்குப் பாடம் பார்க்க வேண்டும் என்றால் மினி பிசி. இந்த வேலைகளுக்கு என்100 போதும். 16 ஜிபி ராம் போட்டால் நிம்மதி. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இது சற்றே கைகடிக்கும், இருந்தும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ராமும் எஸ்.எஸ்.டி.யும் இல்லாமல் வெறும் பெட்டியாக விற்பதும் உண்டு. அதை எடுத்து அவற்றை நாமே பொருத்தினால், வாங்குவதற்குள் கட்டுவதன் ருசி கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பெரிய வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைவு என்றால் பேச்சே இல்லை, டெஸ்க்டாப்தான். கிராபிக்ஸ் கார்டும் அதைத் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் அந்தச் சின்ன டப்பாவுக்குள் போகாது.

வீட்டில் பொருளைப் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் ஒரு பதினாறு வயது இருந்தால் மட்டும் என் விடை மாறும். அப்போது வேகத்தைப் பார்க்காதீர்கள், புதுசையும் பார்க்காதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலுவலகங்கள் கழித்த பழைய போர்டும் கேபினட்டும் கிடைக்கும். வாங்கிக் கொடுத்து, திருகுகளைக் கலந்து தரையில் கொட்டிவிடுங்கள். மலையில் யாருக்காவது கணினி நின்றுபோனால் சமவெளிக்கு இறங்காமல் பார்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கை மினி பிசியில் பழகாது.

மற்றவர்களுக்கு என் ஓட்டு சின்ன டப்பாவுக்கே. ஒரு நிபந்தனை மட்டும். பணம் கொடுக்கும் முன், “அண்ணே, அடிப்பலகையைக் கழற்றிக் காட்டுங்க” என்று கடைக்காரரைக் கேளுங்கள். வைஃபை கம்பிகள் போகும் வளைவையும், ராம் கழற்றக்கூடியதா பற்றவைத்ததா என்பதையும், கூடுதலாக இன்னொரு எம்.2 இடம் இருக்கிறதா என்பதையும் உங்கள் கண்ணால் பாருங்கள். கழற்ற மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.